கரையாத சில்லு

மகளின் தட்டோரம் கிடந்த பழுப்புச் சில்லைத் தாணுலிங்கம் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டது பழக்கத்தினால்தான். பதினாறு வருடமாக அவருக்குக் கருப்பட்டி வியாபாரம்தான் தொழில். பழுப்பாக ஒரு துணுக்கைக் கண்டால் கை எடுத்துவிடும். உடன்குடிச் சரக்கா, சாத்தான்குளத்துச் சரக்கா, போன வருடத்துப் பழசா, சீனி கலந்த கள்ளச் சரக்கா என்று நாக்கு சொல்லிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. சில்லு கரையவில்லை. கடைவாய்க்குத் தள்ளி மெதுவாகக் கடித்துப் பார்த்தார். நறநறவென்றது. உள்ளங்கையில் துப்பி ஜன்னல் பக்கம் பிடித்தார். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் வெள்ளை.

எதிரே மகள் அருணாசலவடிவு, மூன்று வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருப்பவள், தோசையை முடித்துவிட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா ப்ரியா, இங்கன வா," என்று மனைவியைக் கூப்பிட்டார். குரல் மாறியிருந்ததால் சண்முகப்ரியா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முன்பல் ஒன்று பாதியாக இருந்தது. பக்கத்துப் பற்கள் மூன்றும் ஈறோரம் அரித்துப் பழுப்பேறியிருந்தன.

"கருப்பட்டிக் கறை, கழுவினாப் போயிரும்னு சொன்னீங்களே," என்றாள் ப்ரியா.

தாணுலிங்கத்தின் கடை தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. தோணி ஏறப் போகும் மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கித்தான் அங்கே வரவேண்டும். கடையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'இங்கு சீனி விற்பதில்லை' என்று முகப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நாக்கை அவருக்கு யாரும் பழக்கவில்லை. கடை வைத்த முதல் வருடம் இறக்கிய ஒரு லோடு முழுக்கச் சீனிக் கலப்பு. வாங்கிப்போன பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்ப வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சரக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. அதன்பிறகு மூன்று வருடம் வந்த மூட்டை ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு உடைத்து, காகிதத்தில் ஊர் பெயர் எழுதி வைத்து, காலையிலும் மாலையிலும் ருசி பார்த்தார். சீனி கலந்தது நாக்கு நுனியில் சட்டென்று இனித்துச் சட்டென்று ஓடிவிடும். அசல் மெதுவாகக் கரைந்து, கடைசியில் லேசாகக் கரிக்கும். சாத்தான்குளம் பக்கத்துப் பனை விளைகளுக்குப் போய், கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதிலிருந்து பதனீரைக் காய்ச்சி அச்சில் ஊற்றுவது வரைக்கும் பனையேறிகளோடு நின்று பார்த்தார். ஐயம் வந்தால் கேட்டார். சொன்னதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

முப்பத்தெட்டு வயதில் அவருக்கு வலப்பக்கக் கடைவாய்ப் பல் இரண்டு கிடையாது. இடப்பக்கத்தில் ஒன்று கிடையாது. "எங்க குடும்பத்துப் பல்லே அப்படித்தான்," என்பார்.

வடிவுக்குப் பத்து மாதமானதும் பாட்டில் பாலில் கருப்பட்டி கரைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். தூளாக்கி, வடிகட்டி, தூசு துரும்பு இல்லாமல் தாணுலிங்கமே கலப்பார். பாட்டிலை வாயில் வைத்தபடியே பிள்ளை தூங்கும். பல் தேய்ப்பதென்றால், இனிப்பு வாசனை அடிக்கும் பேஸ்டைப் பிதுக்கி பிரஷைக் கையில் கொடுத்துவிடுவாள் ப்ரியா. பிள்ளை அதைக் கொஞ்ச நேரம் சப்பிவிட்டு எறியும். கடைக்குக் கைக்குழந்தையோடு வரும் பெண்களிடம் தாணுலிங்கம் தவறாமல் ஒன்று சொல்வார்: "பச்சப் பிள்ளைக்குச் சீனி போடாதீங்க. இதப் போடுங்க. பல்லுக்கும் உரம், எலும்புக்கும் உரம்."

மறுநாள் பல் மருத்துவமனைக்குப் போனார்கள். முத்துக் குளித்த ஊர் என்பதால் கடைக்குக் கடை பலகையில் சிப்பி வரைந்திருப்பார்கள். இங்கே சிப்பிக்குள் முத்துக்குப் பதில் ஒரு கடைவாய்ப் பல் இருந்தது. மருத்துவர் ரீனா வேம்பார்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். வடிவை நாற்காலியில் ஏற்றவே இல்லை. ப்ரியாவின் முழங்காலோடு தன் முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்து, அம்மாவின் மடியில் கால், தன் மடியில் தலை என்று பிள்ளையைக் கிடத்திக்கொண்டார். வடிவு அலறினாள். அலறிய வாய்க்குள் விளக்கடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

"பாட்டில் எப்பக் கொடுப்பீங்க?"

"தூங்கும்போது டாக்டர். வாயில வச்சமேனிக்கே தூங்கிரும்," என்றாள் ப்ரியா.

"பால்ல என்ன கலப்பீங்க?"

தாணுலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கருப்பட்டி. நம்ம கடைச் சரக்கு. ஒரு பொட்டுச் சீனி எங்க வீட்டுக்குள்ள வராது."

"அதுதான் அண்ணாச்சி காரணம்."

"எது? அதான் சீனியே கிடையாதுன்னு சொல்லுதேனே."

"கருப்பட்டியைத்தான் சொல்லுதேன். வயித்துக்கு நல்லதோ என்னவோ, பல்லுக்கு அதுவும் சீனியும் ஒண்ணுதான். தூங்குற பிள்ளை வாயில எச்சி ஊறாது. இனிப்பு அங்கனயே கிடந்து புளிக்கும். புளிப்பு பல்லைத் தின்னும்."

தாணுலிங்கம் வேறு வழியாக வந்தார். "பால் பல்லுதானே டாக்டர். எப்படியும் விழத்தானே போவுது?"

"முன்பல்லு ஆறு ஏழு வயசுல விழும். கடைவாய்ப் பல்லு பத்து பதினொண்ணு வயசு வரைக்கும் இருக்கணும். அதுவரைக்கும் இவ எதை வச்சு மெல்லுவா? நீங்க மென்னு கொடுப்பீங்களா?"

ப்ரியா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

ரீனா நிலைமையை மறைக்காமல் சொன்னார். முன்பல் நான்கிலும் மருந்து தடவினால் அரிப்பு நின்றுவிடும். ஆனால் அரித்த இடம் கருத்துப்போகும், விழும்வரை கருப்பாகத்தான் இருக்கும். விஷயம் அதுவல்ல. கடைவாய்ப் பல் எட்டில் ஆறில், ஈறோரம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. அதுதான் சொத்தையின் முதல் படி. அந்தப் படியில் பிடித்து நிறுத்தினால் பல் திரும்ப இறுகிவிடும். விட்டால் குழியாகிவிடும். இந்த வயதுப் பிள்ளையை உட்காரவைத்து ஆறு பல்லைச் சரிசெய்ய முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத்தான் செய்யவேண்டியிருக்கும்.

"மூணு மாசம் தாரேன். பாட்டிலை நிறுத்துங்க. காலையிலயும் படுக்குறதுக்கு முன்னாடியும் நீங்கதான் தேச்சு விடணும், அவ கையில கொடுக்கக் கூடாது. ஃபுளோரைடு போட்ட பேஸ்ட், ஒரு அரிசி அளவு."

"எந்த அரிசி டாக்டர்?" என்று தாணுலிங்கம் கேட்டார். "இட்லி அரிசியா, சீரகச் சம்பாவா?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை என்பது புரியக் கொஞ்ச நேரமானது ரீனாவுக்கு. "இட்லி அரிசியே வச்சுக்கிடுங்க," என்றார்.

பைக்கில் திரும்பும் வழியில், ரயில்வே கேட்டில் நின்றபோது ப்ரியா சொன்னாள். "ஒண்ணரை வயசுலயே நான் சொன்னேன், முன்பல்லுல வெள்ளைக் கோடு தெரியுதுன்னு. பால் ஏடுன்னீங்க. துணியை வச்சுத் துடைச்சேன், போகல. நானும் விட்டுட்டேன்."

தாணுலிங்கம் கேட் திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலை நிறுத்துவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. கருப்பட்டியும் சீனியும் ஒன்று என்ற பேச்சைத்தான் ஏற்க முடியவில்லை. பதினாறு வருடத்தை அந்த வேறுபாட்டின் மேல்தான் அவர் கட்டியிருந்தார். செய்து பார்க்காமல் நம்பும் ஆளும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, கருப்பட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றிலிருந்து வடிவை ஒரு வாய் வாங்கச் சொல்லி, கொப்பளித்து அதிலேயே துப்பச் சொன்னார். வீட்டில் எச்சில் பண்ணினால் திட்டு வாங்கும் பிள்ளைக்கு அது பெரிய கொண்டாட்டம். மூன்று தடவை துப்பினாள். 'வாய் பட்டது', 'வாய் படாதது' என்று சீட்டு ஒட்டி, இரண்டையும் கடையில் தராசுக்குப் பக்கத்தில் மூடி வைத்தார்.

அடுத்த கடை செல்வதுரை அண்ணாச்சி கயிறு வியாபாரி. பத்து மணிக்கு டீயோடு வந்தவர் சீட்டைப் படித்தார். "ஏலே தாணு, என்னல இது? மகளுக்குத் தீட்டுக் கழிக்கியா?"

"பல்லு ஏன் அரிக்குன்னு பாக்கேன் அண்ணாச்சி."

"இதுல பாக்கதுக்கு என்ன இருக்கு? பல்லுல பூச்சி. என் மூத்தவளுக்குப் புகை போட்டுக் காதுவழியா எடுத்தோம்லா."

"எடுத்ததும் சரியாப் போச்சா?"

செல்வதுரை டீயை உறிஞ்சினார். "பல்லு போச்சு. அதோட சரியாப் போச்சு."

சித்திரை மாத வெயிலில் கடைத் தகரம் அடுப்புபோலக் கொதித்தது. இரவு எட்டு மணிக்கு, கடை சாத்துவதற்கு முன்னால் தாணுலிங்கம் வாயைக் கொப்பளித்துவிட்டு முதல் டம்ளரை எடுத்தார். வாய் படாதது. காலையில் இருந்த அதே இனிப்பு, கடைசியில் அதே கரிப்பு. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை கொப்பளித்துவிட்டு, இரண்டாவது டம்ளரில் விரலை முக்கி நாக்கில் வைத்தார்.

நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கின.

அது லேசான புளிப்புதான். வேறு யாராவது குடித்திருந்தால் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அந்தப் புளிப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். சுண்ணாம்பு தடவ மறந்த கலயத்தில் இறங்கும் பதனீர் விடிவதற்குள் அப்படித்தான் திரும்பும். கொஞ்சம் போனால் கள்ளாகிவிடும். சரக்கில் குற்றம் இல்லை. இரண்டு டம்ளரிலும் ஒரே சரக்குதான். புளிக்கவைத்த ஏதோ ஒன்று பிள்ளையின் வாயில்தான் இருந்தது. இரண்டு வருடமாக ஒவ்வோர் இரவும், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அவரே பதனீர் ஊற்றிவைத்திருக்கிறார். பல்லும் சுண்ணாம்பு போலத்தான்; புளிப்பு பட்டால் அது கரைந்துபோகும் என்பது, சுண்ணாம்பில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பார்த்த யாருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போனதும் ப்ரியாவிடம், "புளிச்சிருச்சு," என்றார். அவளுக்குப் புரிந்தது.

"சரக்குல ஒரு வெள்ளைப் புள்ளி பூத்திருந்தா மூட்டையவே தள்ளி வைப்பேன். நீ வெள்ளைக் கோடுன்னு வந்து சொன்னே. ஏடுன்னுட்டேன்."

"பிள்ளை மூட்டை இல்லல்லா. அதான் சரியாப் பாக்கல," என்றாள் ப்ரியா. பிறகு, "பாட்டிலை எப்படி நிறுத்தப் போறோம்? அதச் சொல்லுங்க முதல்ல," என்றாள்.

ஒரேயடியாக நிறுத்தியதில் இரண்டு நாள் தெருவே விழித்திருந்தது. மூன்றாம் நாள் தாணுலிங்கம் தன் வழிக்கு வந்தார். கருப்பட்டியைத் தினம் கொஞ்சம் குறைத்து, இரண்டு வாரத்தில் வெறும் பாலுக்குக் கொண்டுவந்துவிடலாம், பிள்ளைக்குத் தெரியாது. முதல் நாள் கால் பங்கு குறைத்தார்.

வடிவு இரண்டு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலை நீட்டினாள். "ப்பா, இது வேற."

"அதேதான்டா குட்டி."

"இல்ல. வேற."

ப்ரியா சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். நாக்கு அப்பாவின் நாக்கு. ஏமாற்ற வழியில்லை என்று தெரிந்தபிறகு தாணுலிங்கம் அதைச் சொல்லியே செய்தார். தினம் மாலையில் இருவரும் உட்கார்ந்து, இன்றைக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வடிவு சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் தராசுக் கல்லை வைத்து விளையாடக் கிடைக்கும். பதினெட்டாம் நாள் பால் வெறும் பாலாகி, பாட்டிலிலிருந்து டம்ளருக்கு வந்து, சாப்பாட்டோடு முடிந்தது. அதற்குப் பிறகு பல் தேய்ப்பு. அதற்கும் பிறகு தண்ணீர் மட்டும்.

தேய்ப்பது இருவர் வேலையானது. மடியில் தலையை வைத்துக்கொண்டு தாணுலிங்கம் தேய்ப்பார். ப்ரியா கைபேசி விளக்கை அடித்தபடி, "கீழ் வரிசை, உள்பக்கம், அதை விட்டுட்டீங்க," என்பாள். முதல் வாரம் கையில் இரண்டு கடி வாங்கினார். பிரஷ் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரே ஒரு இட்லி அரிசி இருந்தது, அளவுக்கு. சனிக்கிழமை தோறும் உதட்டைத் தூக்கி எட்டு கடைவாய்ப் பல்லையும் பார்ப்பார்கள். வெள்ளைக் கோடுகள் அப்படியே இருப்பதாக ப்ரியாவுக்குத் தோன்றும். மங்கியிருப்பதாகத் தாணுலிங்கத்துக்குத் தோன்றும். அடுத்த சனிக்கிழமை இருவரும் மாறிச் சொல்வார்கள்.

முன்பல்லுக்கு மருந்து தடவப் போன அன்று, தாணுலிங்கம் ரீனாவிடம் டம்ளர் கதையைச் சொன்னார். கலயத்தையும் சுண்ணாம்பையும் சொன்னார். பிறகு, நாள்கணக்காக மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார். "அப்ப, ராத்திரி பல்லுல லேசாச் சுண்ணாம்பு தடவி விட்டா?"

"ஐயோ அண்ணாச்சி! வாய் வெந்துரும்!" என்று ரீனா பதறி எழுந்தேவிட்டார். பிறகு உட்கார்ந்து, "ஆனா நீங்க சொன்னது சரிதான். அந்த பேஸ்ட்தான் உங்க சுண்ணாம்பு. தேச்சு முடிச்சதும் துப்பச் சொல்லுங்க, தண்ணி ஊத்திக் கழுவ வேண்டாம். கலயத்துல தடவினது அங்கனயே இருக்கணும்லா," என்றார்.

முன்பல் அரித்த இடமெல்லாம் கருத்தது. தெருவில் ஒரு பெண், "கருப்பட்டிக் கடைக்காரர் மகளுக்குப் பல்லும் கருப்பட்டியா?" என்று கேட்டாள். ப்ரியா நின்று பதில் சொன்னாள்: "ஆமா, பாட்டில்ல கொடுத்தோம். உங்க பிள்ளை உதட்டையும் தூக்கிப் பாருங்க." அந்தப் பெண் மறுநாள் வந்து மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று விசாரித்தாள்.

கடையில் இன்னொரு சிக்கல். தருவைகுளத்திலிருந்து ஓர் இளம்பெண் ஏழெட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சி, பாட்டில்ல போடுறதுக்குக் கருப்பட்டி தாங்க. எங்க அக்காவுக்குப் போன வருசம் நீங்கதான் சொன்னீங்களாமே, பல்லுக்கு உரம்னு."

தாணுலிங்கம் வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார். அது வரவில்லை. அந்த அக்காவின் பிள்ளை மனதில் வந்து நின்றது.

"பாட்டில்ல வேண்டாம்மா," என்றார் கடைசியில். "நான் சொன்னது தப்பு. பெரியவங்க காப்பிக்கு வாங்கிட்டுப் போ. பிள்ளைக்கு ஒரு வயசு வரைக்கும் எந்த இனிப்பும் வேண்டாம். அப்புறமும் சாப்பாட்டோட, எப்பவாவது, கொஞ்சம். முதல் பல்லு வந்திருச்சா?"

"ரெண்டு வந்திருக்கு."

"அப்ப இன்னைக்கே தேய்க்க ஆரம்பிச்சிரு. ஒரு அரிசி அளவு பேஸ்ட். உங்க அக்காகிட்ட, பிள்ளை உதட்டைத் தூக்கிப் பாக்கச் சொல்லு. வெள்ளைக் கோடு இருந்தா ஏடுன்னு நினைக்காண்டாம்."

அவள் போனதும் அடுத்த கடையிலிருந்து குரல் வந்தது. "நல்லா பண்ணுதலே யாவாரம்! வாரவகளையெல்லாம் வாங்காதன்னு சொல்லி அனுப்பு."

"அண்ணாச்சி, உங்க பேத்திக்கு ஒண்ணரை வயசுதானே?"

"கூட்டிட்டு வாரச் சொல்லுதேன். நீயே பாரு," என்றார் செல்வதுரை.

ஆடி மாதக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்த ஒரு சாயங்காலம் மூன்று மாதம் முடிந்தது. மருத்துவமனைக் கதவை இழுத்துச் சாத்தவேண்டியிருந்தது. வடிவுக்கு இப்போது மூன்று வயது. யாரும் தூக்காமல் அவளே நாற்காலியில் ஏறி, தினமும் அப்பாவின் மடியில் படுப்பதுபோல மல்லாந்து படுத்தாள்.

ரீனா காற்றை ஊதிப் பற்களை உலர்த்தினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாணுலிங்கம் தன் கடையில் மூட்டை உடைத்து ருசி பார்க்கும்போது விற்கவந்தவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார். ப்ரியா அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

"கீழ வலதுபக்கம், நல்லா இருக்கு. மினுமினுன்னு இருக்கு, இறுகிருச்சு. பக்கத்துப் பல்லும் அப்படித்தான்." கண்ணாடி மேல் வரிசைக்குப் போனது. "இது நின்னுருச்சு. இதுவும்." இடப்பக்கத்துக்கு வந்தது. "இது..." முனை மழுங்கிய கருவியால் லேசாகத் தொட்டார். "இது ஒண்ணு குழியாயிருச்சு. கடைசி, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது சரியாத்தான் இருக்கு."

"ஆறுல அஞ்சு," என்றார் தாணுலிங்கம். "அந்த ஒண்ணுக்கு... மயக்கமா?"

"எதுக்கு மயக்கம்? சின்னக் குழி. இப்பவே சுரண்டி அடைச்சிரலாம், பத்து நிமிசம். மூணு மாசத்துக்கு முன்னாடி முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். இவ இப்படிப் படுத்திருக்கதைப் பாருங்க." ரீனா கையுறையை மாற்றிக்கொண்டே தொடர்ந்தார். "மூணு வயசு ஆயிருச்சு. இனி அரிசி அளவு வேண்டாம். பட்டாணி அளவு."

தாணுலிங்கம் வாயைத் திறந்தார். ப்ரியா முந்திக்கொண்டாள்.

"எந்தப் பட்டாணின்னு நீங்களே சொல்லிருங்க டாக்டர். இல்லேன்னா இன்னைக்கு வீட்டுக்கு வரமாட்டாங்க."

"காஞ்ச பட்டாணி," என்றார் ரீனா. "ஊறவைக்காதது. அண்ணாச்சி, இவளுக்கு முடிச்சதும் நீங்க ஏறி உட்காருங்க. அந்த வலதுபக்கத்தையே எத்தனை வருசத்துக்கு விட்டுட்டு மெல்லுவீங்க?"

தாணுலிங்கம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்காலியில் விளக்கு எரிந்தது. யாரும் சொல்லாமலே வடிவு தன் மேலுதட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அகலமாக வாயைத் திறந்தாள்.